வலப்பக்கத்து வீடு

அலுவலக வாசலில் கட்டியிருந்த பேனரில் பதினொன்று என்ற எண் ஆளுயரத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே, ‘ஐம்பத்தெட்டிலிருந்து பதினொன்றுக்கு! ஒரே ஆண்டில் நம் நகரம்!’ என்று எழுதி, இரண்டு பக்கமும் ராக்கெட் படம் போட்டிருந்தார்கள். நாட்டில் உள்ள எழுபது நகரங்களையும் ஆண்டுதோறும் பொருளாதாரத்தை வைத்து வரிசைப்படுத்துகிற வழக்கம் இருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, வீட்டுக்கு என்ன வருமானம், எத்தனை புதுக் கட்டடம் என்று எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி ஓர் எண்ணை எடுப்பார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மேயரிலிருந்து வீட்டுத் தரகர் வரை ஆறு மாதம் பேசுவார்கள். பேசட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் அந்த எண்ணுக்கு வேண்டியதை வெயிலில் வீடு வீடாக அலைந்து கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எந்தப் பேனரிலும் ஒரு வரி இருக்காது.

அப்படி அலைகிறவர்களில் ஒருத்தி லிஸ்ட்டக்கா. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் தண்ணீர் பாட்டில். நாலு வருடமாக நகரத்தின் கிழக்குப் பகுதி அவளுடையது. லிஸ்டில் இருக்கும் வீட்டை மட்டும்தான் தட்டுவாள் என்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. அன்றைக்கு அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஒரு வீடுகூட விடுபடாமல் முழுப் பட்டியலையும் முடித்ததற்காக. மரப்பலகையில் பித்தளைத் தகடு, செங்கல் கனம். எல்லோரும் கைதட்டினார்கள். அவளோடு வேலை பார்க்கும் குடைக்காரர் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். மழைக்கும் வெயிலுக்கும் குடையைக் கீழே வைக்காத மனுஷர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அவளுக்கு அண்ணன் முறை கொண்டாடுவார்.

“எங்க தங்கச்சி வாங்கினா நான் வாங்கின மாதிரிதான். மாப்ளே கிட்ட காட்டும்மா. பொண்டாட்டி பெரிய ஆளுன்னு அவருக்கும் தெரியட்டும்” என்றார்.

மாப்ளே என்றது அவள் கணவனை. பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடம் லேத்தில் நின்று இரும்பு கடைந்தவன். ஊரே அவனை டர்னர் என்றுதான் கூப்பிடும். பத்து மாதத்துக்கு முன்னால் கம்பெனியை மூடினார்கள். டர்னர் என்ற பெயரை மட்டும் மூடவில்லை. பின்தங்கிய நகரங்களுக்கென்று நடக்கும் பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். ஒன்பது மாதப் படிப்பில் ஆறு மாதம் முடிந்திருந்தது. நாற்பத்து நான்கு வயதில் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முதல் வாரம் கூச்சப்பட்டான். அப்புறம் சாப்பிடும்போதுகூட மெஷினைப் பற்றியே பேச ஆரம்பித்தான். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு கம்பெனிகளில் சொல்லியிருந்தார்கள். வீட்டின் நம்பிக்கை மொத்தமும் மீதி மூன்று மாதத்தில் இருந்தது.

அவள் கேடயத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவன் முன்னறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். மணி மூன்றுதான். மையம் ஐந்து மணிக்குத்தான் விடும்.

“என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?”

“மூடிட்டாங்க.”

“எதை?”

“சென்டரை. கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. கடைசி முப்பது எடத்துல இருக்கற ஊருக்குத்தான் அந்தத் திட்டமாம். நம்ம ஊரு இப்ப பதினொண்ணாம். நாமெல்லாம் முன்னேறிட்டோமாம். இனிமே கத்துக்க வேண்டியதில்லையாம்.” அவன் சிரித்தான். சிரிப்பு மாதிரியே இல்லை அது. “இந்தப் பதினொண்ணை எவன் எழுதினான்னு தெரிஞ்சா நேராப் போயி கேப்பேன். ஐயா, எந்த வீட்டுக் கதவைத் தட்டினீங்கன்னு.”

லிஸ்ட்டக்கா கேடயத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தெரியும். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாள் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அன்று மாலை சமையலறையில் நின்றுகொண்டே டேப்லெட்டைத் திறந்து போன சுற்றின் பட்டியலைத் தள்ளிப் பார்த்தாள். பம்ப் தெரு. கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் தெரு அது. அவள் பட்டியலில் அந்தத் தெருவுக்கு நாற்பத்திரண்டு வீடு. அதில் முப்பத்தொரு வீட்டுக்கு எதிரே ‘மாற்று வீடு’ என்று இருந்தது.

மாற்று வீடு என்பது அவர்கள் தொழிலில் ஒரு விதி. ஒரு வீடு பூட்டியிருந்தால் வேறு வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் பூட்டியிருந்தால் அதற்கு வலப்பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் பூட்டியிருந்தால் அதற்கும் வலப்பக்கம். காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு முடிக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. பன்னிரண்டு முடிக்காதவளுக்கு அன்று அரைநாள் சம்பளம்தான். அதனால் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். பூட்டிய கதவின் முன்னால் நின்று ‘முதல் முறை’ என்று அழுத்த வேண்டும். முனைக் கடையில் ஒரு டீ. திரும்பி வந்து ‘இரண்டாம் முறை’. அடுத்த சந்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ‘மூன்றாம் முறை’. தேதியை மட்டும் மாற்றிப் போட்டால் டேப்லெட் வாயைத் திறக்காது. சேர்ந்த முதல் வாரத்தில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே குடைக்காரர்தான்.

பம்ப் தெருவில் பத்து மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? வேலை போனவர்கள் விடிந்தும் விடியாமலும் எழுந்து, பாலத்தடியில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் போய் நிற்பார்கள். பெண்கள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பார்கள். தெரு முழுக்கப் பூட்டு. வலப்பக்கம், வலப்பக்கம் என்று போய்க்கொண்டே இருந்தால் தெரு முடிகிற இடத்தில் புதிதாக வந்த பதினாறு மாடிக் குடியிருப்பு நிற்கும். அங்கே எப்போதும் ஆள் உண்டு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லுவார்கள். வேலை இருக்கிறதா? இருக்கிறது. மனைவிக்கு? அவருக்கும். ஒரே காலையில் பன்னிரண்டு முடிந்துவிடும். இப்படித்தான் வேலையில்லாத முப்பத்தொரு வீட்டின் இடத்தில் முப்பத்தொரு நல்ல சம்பளம் போய் உட்கார்ந்தது. கிழக்கில் அவள் செய்ததை மேற்கில் குடைக்காரர் செய்தார், வடக்கில் இன்னொருத்தி செய்தாள். ஊர் எழும்பிவிட்டது, ராக்கெட் மாதிரி.

அவளுக்குக் கோபம் வந்தது. முதலில் தன் மேல். ஆனால் தன் மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டு உட்கார அவள் தயாராக இல்லை. மறுநாள் காலை சூப்பர்வைசர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

“சார், பம்ப் தெருவை நான் மறுபடியும் எடுக்கணும். போன தடவை எடுத்தது தப்பு. மூணு தடவை போகல. ஒரே காலைல மூணு அழுத்தினேன்.”

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். “என்னம்மா, நேத்துதான் கேடயம் வாங்கினீங்க.”

“அதையும் திருப்பித் தரேன்.”

“உக்காருங்க. ரேங்க் வந்தாச்சு. மேயர் பேட்டி குடுத்தாச்சு. வெளிநாட்டுக் கம்பெனி ரெண்டு நிலம் பாத்துட்டுப் போயிருக்கு. இப்பப் போயி, எங்க ஊழியர் டீ குடிச்சிட்டு எழுதிட்டாங்கன்னு நான் யாருகிட்ட சொல்றது? முதல்ல உங்க வேலை போகும். அப்புறம் என்னுது.”

“அதனால அந்தத் தெருக்காரங்க வேலை போனது போனதாவே இருக்கட்டுமா?”

“ஊரு முன்னேறினா எல்லாருக்கும் நல்லதுதானேம்மா.”

“எந்த ஊரு சார்? பதினாறு மாடியில இருக்கற ஊரா? என் வீட்டுக்காரர் படிச்சிட்டிருந்த சென்டரைப் பூட்டிட்டாங்க. நான் எழுதின எண்ணால பூட்டிட்டாங்க. மூணே மாசம் சார். மூணு மாசத்துல அவர் கைல ஒரு பேப்பர் வந்திருக்கும்.” அவள் குரல் உயர்ந்ததில் பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்வதை நிறுத்தினார்கள்.

சூப்பர்வைசர் கெட்டவரில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு மாசத்துல அடுத்த சுத்து வருது. அதுல ஒழுங்கா எடுங்க. ரேங்க் தானா இறங்கினா, திட்டம் தானா வரும். நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

அந்த இரண்டு மாதமும் டர்னர் பாலத்தடியில் நின்றான். ஏழு மணிக்குப் போனால் ஒன்பது மணிக்குத் திரும்பி வருவான். செங்கல் தூக்க இருபது வயதுப் பையன்கள் இருக்கும்போது இவனை யார் கூப்பிடுவார்கள்? பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கையாலேயே தடவிச் சொல்கிறவனுக்கு அங்கே என்ன விலை? வீட்டில் பேச்சு குறைந்தது. நோட்டுப் புத்தகம் அலமாரி மேலே ஏறியது. யாராவது வழியில் பார்த்து “எப்படிப் போகுது டர்னர்?” என்றால் மட்டும், “போயிட்டிருக்கு” என்பான்.

அடுத்த சுற்றுக்கான பட்டியல் வந்தது. குலுக்கலில் வீடுகளை எடுப்பது தலைமையகத்துக் கம்ப்யூட்டர். கிழக்குப் பகுதியின் ஏழாவது வரியில் லிஸ்ட்டக்காவின் சொந்த வீட்டு எண் இருந்தது. தன் வீட்டைத் தானே எடுக்கக் கூடாது என்பது விதி. குடைக்காரருக்கு மாற்றிவிட்டார்கள்.

“அண்ணே, புதன்கிழமை வாங்க. பதினோரு மணிக்கு. கதவு திறந்திருக்கும். டீக்கடைக்கெல்லாம் போயி மூணு அழுத்தினீங்கன்னா அவ்வளவுதான், சொல்லிட்டேன்” என்றாள்.

“என் தங்கச்சி வீட்டையா மாத்துவேன்?” என்றார் அவர். காயப்பட்ட மாதிரிதான் சொன்னார்.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். டர்னரைப் பாலத்தடிக்குப் போக விடவில்லை. அந்த வீட்டு முன்கதவு காற்றுக்குத் தானே மூடிக்கொள்ளும். ஒரு நிமிஷம்கூட மூடியிருக்கக் கூடாது என்று கேடயத்தைப் பையிலிருந்து எடுத்து அடியில் முட்டுக் கொடுத்தாள். வாங்கியதிலிருந்து முதல் தடவையாக அது ஓர் உபயோகத்துக்கு வந்தது. டர்னர் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எதற்கு இந்தச் சட்டை என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

குடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். “என்ன மாப்ளே, சௌக்கியமா?”

“வாங்க மச்சான். நல்லா இருக்கேன்.”

தண்ணீர் குடித்துவிட்டு டேப்லெட்டை மடியில் வைத்தார். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான், விதிக்காகக் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே அடுத்த கேள்வியைப் படித்தார். “குடும்பத் தலைவருக்குத் தற்போது வேலை இருக்கிறதா?”

“இருக்கு” என்றான் டர்னர்.

அவள் சமையலறை வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

“சொந்தமா செய்றேன் மச்சான். ரிப்பேர், சின்னச் சின்ன ஆர்டர். பரவாயில்ல, போயிட்டிருக்கு.”

“நல்லதாப் போச்சு. சந்தோஷம் மாப்ளே.” குடைக்காரரின் விரல் திரையை நோக்கிப் போனது.

“அண்ணே, கையை எடுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் அவர் டேப்லெட்டைக் கீழே போடப் பார்த்தார்.

“என்ன ஆர்டர்? யாரு குடுத்த ஆர்டர்? எங்க இருக்கு லேத்து, கட்டிலுக்கு அடியிலயா?” அவள் கதவடியில் இருந்த கேடயத்தைக் காட்டினாள். “இதுக்காகவா நான் லீவு போட்டு, கதவுக்கு முட்டுக் குடுத்து உக்காந்திருக்கேன்? ரெண்டு மாசமா இந்த ஒரு கேள்விக்குத்தாங்க காத்துட்டிருக்கேன்!”

“மெதுவாப் பேசு. வந்த மனுஷர் முன்னால மானத்தை வாங்காத.”

“மானமா? உங்களைப் பதினெட்டு வருஷம் உழைக்க வச்சுட்டு ஒரு நாள் காலைல கேட்டைச் சாத்தினானே, அவனுக்கு மானம் போகல. படிக்கற இடத்தைப் பாதில பூட்டினாங்களே, அவங்களுக்கும் போகல. உங்களுக்கு மட்டும் எங்கேருந்துங்க போகுது?”

டர்னர் எழுந்துவிட்டான். அவன் கத்துகிற ஆளில்லை. அன்றைக்குக் கத்தினான்.

“நீ நாலு வருஷமா வீடு வீடாப் போயி இதைத்தானே கேக்கற! நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. எந்த ஆம்பளையாவது உன் முகத்தைப் பாத்து, எனக்கு வேலை இல்லம்மான்னு சொல்லியிருக்கானா? பொண்டாட்டியும் புள்ளையும் பின்னால நிக்கறப்ப? மச்சான் முன்னால உக்காந்திருக்கறப்ப? சொல்லு!”

அவளுக்குப் பம்ப் தெருவில் பூட்டாமல் இருந்த அந்தப் பதினொரு வீடுகள் நினைவுக்கு வந்தன. அவை சரியாக எழுதியவை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருச்சாய்த்துத் திறந்த கதவு, அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கை. “இருக்குங்க மேடம்.” “ஏதோ போகுதுங்க மேடம்.” அவளும் தலையை நிமிர்த்தாமல்தான் அழுத்தியிருந்தாள். பூட்டிய கதவு ஒரு பொய் சொன்னது என்றால் திறந்த கதவும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறது. கம்பெனியை மூடினவன் நிமிர்ந்து நடக்கிறான், இவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. உடைக்கிற மாதிரி வீட்டில் பெரிதாக எதுவும் இல்லை.

குடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் என்னம்மா போடட்டும்?”

“என்னைக் கேக்காதீங்க. அவரைக் கேளுங்க. அந்தக் கண்ணாடிப் பலகையைப் பாத்துக் கேக்காதீங்க, மனுஷனைப் பாத்துக் கேளுங்க.”

அவர் டேப்லெட்டை நாற்காலிக் கைமேல் வைத்தார். அப்புறம், கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். “என் பையன் வீட்லதான் இருக்கான் மாப்ளே. ஒன்றரை வருஷமா. ஆபீஸ்ல எல்லார் கிட்டயும் வெளியூர்ல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்கு, பம்ப் கம்பெனிக்கு அப்புறம் ஏதாவது கிடைச்சுதா?”

டர்னர் மெல்ல உட்கார்ந்தான். சலவைச் சட்டையின் கைகளை ஒன்றன்பின் ஒன்றாக மடித்துவிட்டுக்கொண்டான்.

“இல்ல மச்சான்” என்றான். “ஒரு வருஷமாச்சு. ஒண்ணும் இல்ல.”

அவர் அதை அழுத்தினார். போகும்போது வாசலில் நின்று அவளிடம், “ஒரு வீட்டால ரேங்க் இறங்கிடாதும்மா” என்றார்.

“தெரியும்ணே. உங்க மேற்குப் பக்கத்துல எத்தனை பூட்டுன வீடு?”

அவர் குடையை விரித்தார். ஆனால் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லிஸ்ட்டக்கா பம்ப் தெருவில் இருந்தாள். பத்து மணிக்கு முன்னால் செய்வது வேலை நேரத்தில் சேராது. சேர வேண்டாம். பன்னிரண்டு முடியாது, அரைநாள் போகும். போகட்டும். பாலத்தடிக்குக் கிளம்புகிற ஆட்கள் உள்ளே முகம் கழுவும் சத்தம் தெரு நீளத்துக்கும் கேட்டது. பட்டியலில் முதல் வீட்டைத் தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. தோளில் துண்டோடு ஒருவர். அவளையும் அடையாள அட்டையையும் பார்த்தார். அவள் இன்னும் எதையும் கேட்கவில்லை. அதற்குள் அவர் கண் தரைக்குப் போய்விட்டது.

“வேலை இருக்குங்க மேடம்” என்றார். “போயிட்டுதான் இருக்கேன்.”

அவள் டேப்லெட்டைத் தோள்பைக்குள் போட்டாள். அவர் நிமிர்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு இல்லைங்க” என்றாள். “ஒரு வருஷமாச்சு. உங்களுக்கு?”